வானம் பொது, மைக்கு யாருது?

கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, "அண்ணே, நீங்க கட்டாயம் வந்து பாக்கணும், மழையையும் ரேடியோவையும் சேத்து ஒரு வேலை வெச்சிருக்காங்க" என்று கூப்பிட்டார்கள். சென்னையில் ஒரு கண்காட்சிக் கூடம். போனேன்.

குளிரூட்டிய அறை. கூரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பழைய டிரான்சிஸ்டர் பெட்டிகள் தொங்குகின்றன. மொட்டை மாடியில் ஒரு கம்பம். அதில் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகிய தண்ணி பாட்டில், அதுதான் மழைமானி. சைக்கிள் சக்கரத்தின் நடு அச்சில் நாலு கொட்டாங்குச்சி, அது காற்றுமானி. இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து காற்றில் எவ்வளவு ஈரம் என்று கணக்கிடலாம். இந்தக் கருவிகள் சொல்லும் எண்களை ஒரு பெண் குரல் வாசிக்க, தொங்கும் பெட்டிகளில் எல்லாம் அது கேட்கிறது. சுவரில் ஓர் அட்டை: 'வானத்துக்குச் சாதி இல்லை'.

செய்த பையன் பக்கத்திலேயே நின்றான். கெட்டிக்காரன், கர்வமில்லாதவன். "இந்தக் கொரல் எவ்ளோ தூரம் கேக்கும்ப்பா?" என்று கேட்டேன். "இந்த ஹாலுக்குள்ள மட்டும்தான் சார். வெளிய போனா லைசென்ஸ் கேப்பாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "மழைய மக்களே அளக்கலாம், மக்களே ஊருக்குச் சொல்லலாம். இது ரொம்பப் புதுசு சார்."

புதுசு என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

1

எங்க தாத்தா நீர்க்கட்டி. ஏரியில் எவ்வளவு தண்ணி கிடக்கிறது, எந்த மதகை எத்தனை சாண் தூக்கலாம், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை விடலாம், இன்றைக்கு ராத்திரி கலங்கல் வழியுமா வழியாதா, எல்லாம் அவருடைய பொறுப்பு. அளவுகோல் அவருடைய உடம்புதான். முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி, மார்த் தண்ணி. ஐப்பசி அடைமழையில் நடுராத்திரி சாக்குப்பையைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கரைமேல் நடப்பார். கரையில் நண்டு வளை எங்கே, கசிவு எங்கே என்று காலால் தடவிப் பார்ப்பார். ஈசானியத்தில் மின்னினால் எத்தனை நேரத்தில் மழை இறங்கும், தும்பி தாழப் பறந்தால் என்ன, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது.

ஏரி கோடி போகிற நேரம் வந்தால் அதே ஆள்தான் தமுக்கை எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவுக்குப் போவார். 'இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது என்னன்னா...' சகலமானவர்கள் என்றால் ஊர்த் தெரு. செருப்பில்லாமல் போய், திண்ணைக்குக் கீழே நின்று சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும். எங்கள் சேரி ஏரிக்குக் கீழ்ப்பக்கம், பள்ளத்தில். கலங்கல் வழிந்தால் முதலில் தண்ணி நுழைகிற இடம் அதுதான். "ஊருக்குச் சொல்லிட்டு வந்து பாத்தா, ஊட்டுல பானை மெதக்கும்" என்று ஆயா சொல்லும்.

கூலி? அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் ஒரு முறம் நெல். கொடுக்கிறவன் மனசைப் பொறுத்து அது கூடும், குறையும். அவர் அளந்து விட்ட அந்தத் தண்ணி பாய்கிற நிலத்தில் அவருக்கு ஒரு குழிகூட இல்லை.

ஆக, தோழர்களே, வீட்டில் செய்த வானிலை நிலையமும் சமூக வானொலியும் சேர்ந்த ஒன்றை அந்தக் கண்காட்சிக் கூடம் கண்டுபிடிக்கவில்லை. நூற்றாண்டுகளாக அந்த இரண்டையும் ஒரே ஆளின் முதுகில் ஏற்றி வைத்திருந்தது இந்தச் சாதியச் சமூகம். மழையைப் படிக்கிற வேலையும் நம்முடையது, அதைக் கூவுகிற வேலையும் நம்முடையது. தண்ணீர் மட்டும் நம்முடையதில்லை. கூவின சொல்லும் நம்முடையதில்லை. தமுக்கு நம் கையில், வாசகம் மணியக்காரன் வாயில். நம்மைப் பற்றி நாமே ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால், 'அய்யா, சேரிக்குள்ள தண்ணி வந்துடுச்சு, புள்ளைங்கள கோயில் மண்டபத்துல ஒதுக்க எடம் குடுங்க' என்று அதே தமுக்கில் அடித்துச் சொல்லியிருந்தால், அடுத்த நாள் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவிப்புகளை வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்றார். நல்லது. இழிவான ஓர் ஊழியம் அரசின் எழுத்திலாவது முடிந்தது. தமுக்கைப் பிடித்த கையை விடுவித்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடிக்கிற கை யாருடையது என்று அந்தக் கடிதத்தில் இல்லை. அதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

2

கண்காட்சிக் கூடத்துப் பையன்மீது எனக்குக் கோபமில்லை. அவன் ஓர் உலகப் போக்கின் நீட்சி. லண்டனில் சாஷா எங்கல்மன், சோஃபி டயர் என்ற இரு பெண்கள் 2020-ல் 'ஓப்பன் வெதர்' என்ற வேலையைத் தொடங்கினார்கள். வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும்போது அது அனுப்பும் ஒலியை வீட்டில் செய்த ஆன்டெனாவால் பிடித்து, மேகங்களின் படமாக மாற்றும் வேலை. இரண்டு உலோகக் குச்சி, கொஞ்சம் ஒயர், விரல் நீளத்தில் ஒரு ரேடியோ வாங்கி, ஒரு கணினி போதும். 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 மூன்றும் கடிகாரம் போலத் தட்டிக்கொண்டே போகும். கிளாஸ்கோவில் பருவநிலை மாநாடு தொடங்கிய 2021 அக்டோபர் 31 அன்று பல நாடுகளில் பலர் தங்கள் தங்கள் மாடியில் நின்று பிடித்த படங்களைச் சேர்த்து ஒரே படைப்பாக ஆக்கினார்கள். மேலே இருந்து யாரோ ஒருவன் பார்க்கிற பூமியை, கீழே நிற்கிற பலர் பார்த்த பூமியாக மாற்றிக் காட்டியது அது. பெண்ணியப் பார்வையோடு செய்த வேலை. அதை நான் மதிக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆதிதிராவிடர் நல விடுதியின் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு நானும் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு பதினைந்து நிமிடம் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். வரி வரியாக வங்காள விரிகுடாவின் மேல் வெள்ளை மேகம் விரிந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "இது நம்மளே புடிச்சதாண்ணே?" என்று மூன்று தடவை கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் என்ன ஆயிற்று? 2025 ஜூனில் நோவா 18-ஐ நிறுத்தினார்கள். ஆகஸ்டில் 19-ஐயும் 15-ஐயும் நிறுத்தினார்கள். வயதான கோள்கள், பழுதுகள், அவர்களுக்குக் காரணம் இருந்தது. உலகத்தில் ஆயிரம் மாடிகளில் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தட்டலொலி அத்தோடு அடங்கியது. ஆன்டெனா வீட்டில் செய்தது, சொல் எங்கேயோ ஓர் அரசாங்கத்துடையது. எங்க தாத்தாவின் தமுக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கருவி நம்முடையதாக இருப்பது பாதிதான். அதில் பேசுகிறவர் யார், அதை நிறுத்துகிற அதிகாரம் யாரிடம் என்பது மீதிப் பாதி. கலைஞர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

3

இன்னொரு கதையும் இருக்கிறது. அது கண்காட்சிகளில் வருவதில்லை.

பீகாரில் வைசாலி மாவட்டம் மன்சூர்பூர். எலெக்ட்ரானிக் ரிப்பேர் கடை வைத்திருந்த ஓர் ஏழை இளைஞர், ஐம்பது ரூபாய்ச் செலவில் ஒரு டிரான்ஸ்மிட்டரைத் தானே செய்து, மூங்கில் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, 2003 வாக்கில் 'ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1' என்ற வானொலியைத் தொடங்கினார். போஜ்புரிப் பாட்டு, காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிய அறிவிப்பு, போலியோ சொட்டு மருந்து பற்றிய செய்தி. சனங்கள் கொண்டாடினார்கள். 2006-ல் அரசு வந்து மூடியது. 1885-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தில் அது குற்றம். ஐம்பது ரூபாயில் ஏழை செய்தால் குற்றம், அதையே நகரத்தில் அறைக்குள் தொங்கவிட்டால் கலை. இரண்டிலும் இருப்பது அதே மின்சுற்று. அறைக்குள் இருக்கிற வானொலியைச் சட்டம் ஏன் விட்டுவைக்கிறது? அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அதுதான் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது.

சட்டத்தின் வரலாற்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச் சொத்து என்றதும் யார் வாசலுக்கு வந்தது? 2002-ல் கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் வானொலி வந்தது. கிராமத்து அமைப்புகள் விண்ணப்பிக்க 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பொதுக்கிணறு கதைதான். பொது என்று எழுதி வைப்பான், முறை வைத்து இறைக்கும்போது கடைசி முறை நமக்கு.

அந்தக் கடைசி முறையிலும் முதலில் வாளியை இறக்கியவர்கள் தலித் பெண்கள். அன்றைய மேடக் மாவட்டம், இன்றைய சங்காரெட்டி, சகீராபாத் வட்டாரம். தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் 1990-களின் கடைசியிலேயே நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். உரிமம் இல்லை. சும்மா இருக்கவில்லை. பத்தாண்டுக் காலம் பதிவு செய்து பதிவு செய்து கேசட்டாக ஊர் ஊராகக் கொண்டுபோய் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். 2008 அக்டோபர் 15 அன்று மச்னூரில் 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியது. தொடங்கி வைக்க வந்தவர் 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி.சாவந்த். ஜெனரல் நர்சம்மா, ஆல்கோல் நர்சம்மா என்ற இரண்டு தலித் பெண்கள் அதை நடத்தினார்கள். அவர்கள் பேசியது என்ன? விதை. எந்தத் தானியத்தை எந்த மழைக்கு விதைப்பது, எந்த மண்ணுக்கு எது தாங்கும், மழை பொய்த்தால் எது நிற்கும். கூலிக்காரப் பெண்களின் வானிலை அறிவு, கூலிக்காரப் பெண்களின் குரலில், அவர்களுடைய தெலுங்கில் பேசப்பட்டது. எவனும் வாசகம் எழுதிக் கொடுக்கவில்லை. எங்க தாத்தாவின் தமுக்கு விடுதலை அடைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டக்கூடிய உதாரணம் இதுதான்.

ஆனாலும் வேலி இருந்தது. 2006 விதிகள் செய்தியையும் அரசியலையும் சமூக வானொலியில் தடுத்தன. பின்னாளில் ஆகாசவாணிச் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். மழை, புயல் பற்றிச் சொல்லத் தடையில்லை. வானிலை சொல், அரசியல் பேசாதே. இந்த எல்லைக்கோட்டை யார் போட்டது? 'நேத்து ராத்திரி 12 சென்டிமீட்டர் மழை' என்றால் வானிலை. 'ஊர்த் தெரு வரைக்கும் வடிகால் போட்டவன் எங்க தெரு மொனையில நிறுத்திட்டான், அதனால எங்க ஊட்டுல மட்டும் மூணு நாளா தண்ணி நிக்குது' என்றால் அரசியல். ஒரே மழை. முதல் வாக்கியத்துக்கு அனுமதி உண்டு, இரண்டாவது வாக்கியத்துக்கு விதியைக் காட்டுவார்கள்.

4

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். 'வானத்துக்குச் சாதி இல்லை.'

வானத்துக்கு இல்லை, சரி. மழை விழுகிற இடத்துக்கு உண்டு. மழைமானி வைப்பதற்கு ஒரு விதி இருக்கிறது: பக்கத்தில் இருக்கிற மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். விடுதிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் தெருவில் அப்படி ஓர் இடம் தேடினேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு கூரையின் தாழ்வாரம் அடுத்த கூரையில் இடிக்கும். திறந்த வெளி எல்லாம் வரப்புக்கு அந்தப் பக்கம், பட்டா வேறு பேரில். கடைசியில் விதிக்குப் பொருந்திய இடம் எங்கள் சுடுகாடு ஒன்றுதான். அங்கேதான் வைத்தோம். மழையைச் சரியாக அளக்கக்கூட நிலம் வேண்டும், தோழர்களே. 1892-ல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை எவனெவனோ உழுதுகொண்டிருக்கிற நாட்டில், ஒரு பாட்டிலை நட்டு வைக்க நமக்குச் சுடுகாடுதான் மிச்சம்.

2019 டிசம்பர் 2 விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூர். இருபதடி உயரச் சுவர் ஒன்று அருந்ததியர் வீடுகள்மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே முறையிட்டிருந்தார்கள். மழையால் சுவர் இடிந்தது என்று செய்தி வந்தது. அன்று பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று எங்கோ ஒரு ஏட்டில் பதிவாகியிருக்கும். சுவரின் உயரம் எந்த வானிலை ஏட்டில் பதிவாயிற்று? மழையை மட்டும் அளந்தால் கொலைகாரன் மழைதான் என்று முடியும். சுவரையும் சேர்த்து அளந்தால்தான் கொலைகாரன் யார் என்று தெரியும்.

அடுத்த வருடம் 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடி. மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 70 பேர். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலோர் தலித்துகள், கயத்தாறு பக்கம் வேர் கொண்டவர்கள். நாள்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் செத்துக் கிடந்தன. மலை விழுந்த சங்கதி வெளியே தெரிய மறுநாள் காலை ஆயிற்று. அடுத்த நாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் செத்தவர்களுக்குப் பத்து லட்சம், லயத்தில் செத்தவர்களுக்கு ஐந்து லட்சம் என்று கேரள அரசு அறிவித்தது. அந்த மலையில் மழை பெய்வது யாருக்கும் தெரியாததா? எல்லாருக்கும் தெரியும். அந்த லயத்திலிருந்து ஒரு குரல் கிளம்பி வெளியே போக வழி இல்லை என்பதுதான் பிரச்சினை. எச்சரிக்கை என்பது மேலே இருந்து கீழே இறங்குவது என்றே எல்லாரும் பழகிவிட்டோம். கீழே இருந்து மேலே ஏறுகிற குரலுக்கு அலைவரிசை ஒதுக்கப்படவில்லை.

5

நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "நிலத்துக்குப் போராடறத வுட்டுட்டு, பாட்டில அறுத்துகினு மழ அளக்கறியா? இது பொழுதுபோகாத பணக்காரப் பசங்க வேல" என்று ஒரு மூத்த தோழர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருக்கு என் பதில் இது.

தோழர், அளவும் ஓர் ஆயுதம். நாம் அளக்காத இடத்தில் அவன் அளப்பான், அவன் எழுதுவதுதான் ஆவணம். அண்ணல் அம்பேத்கர் மகாட் குளத்தில் 1927-ல் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததை நாம் வருடா வருடம் நினைவுகூர்கிறோம். அதே மனிதர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வேலை செய்தார், நீர்வழி, பாசனம், கப்பல் போக்குவரத்துக்கான மத்திய ஆணையம் 1945-ல் அமைய வழி செய்தார் என்பதை எத்தனை மேடையில் சொல்கிறோம்? ஒரு கை தண்ணீரிலிருந்து ஒரு முழு ஆறு வரைக்கும் யோசித்த தலைவர் அவர். வெள்ளத்தை விதி என்று ஏற்கவில்லை, கணக்கு என்று பார்த்தார். அவருடைய வழியில் வருகிறவர்கள் மழைக்கணக்கைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்?

சொல்லைப் பற்றியும் நமக்குப் பாடம் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920-ல் அம்பேத்கர் தன் முதல் இதழுக்கு ஊமைகளின் தலைவன் என்று பொருள்படும் 'மூக்நாயக்' என்று பெயர் வைத்தார். ஊராரின் வாசகத்தைக் கூவுவதை நிறுத்தி நம் சொல்லை நாமே அச்சில் ஏற்றிய கதை அது. அச்சு யந்திரம் அன்றைக்கு என்னவோ, அலைவரிசை இன்றைக்கு அது.

1990-களில் நம் இயக்கங்களில் பறையைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. இழிதொழிலின் அடையாளம், தூக்கி எறி என்று ஒரு பக்கம். நம் கலை, மேடையில் ஏற்றி அடி என்று இன்னொரு பக்கம். எங்கள் தெருவில் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கியவர்களும் உண்டு, அதே பறையை மாநாட்டு மேடையில் அடித்து ஆடியவர்களும் உண்டு. இரண்டு பேரும் சரி என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: யார் சொல்லி அடிக்கிறோம்? மழைமானிக்கும் மைக்குக்கும் அதே கேள்விதான்.

6

அப்படியானால் என்ன செய்யலாம்? நாங்கள் செய்யத் தொடங்கியிருப்பதைச் சொல்கிறேன்.

சுவர் நேராக இருக்கிற பாட்டில் ஒன்று. தலையை அறுத்துப் புனலாகக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்து, மேலே ஸ்கேல் ஒட்டினால் மழைமானி தயார். அரசு நிலையங்கள் போலவே காலை 8.30-க்குப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. இருபதுக்குப் பத்தடிக் குடிசையின் கூரைமேல் 100 மி.மீ. பெய்தால் சுமார் 1,850 லிட்டர், அதாவது நூற்றிருபது குடத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, "அதான் கூர ஒக்காந்துடுச்சா" என்றது பக்கத்து வீட்டு ஆயா. விஞ்ஞானம் என்பது அதுதான், வேறொன்றுமில்லை.

ஆனால் எங்கள் நோட்டில் மில்லிமீட்டர் ஒரு கட்டம் மட்டும்தான். இரண்டாவது கட்டம்: எந்தத் தெருவில் எத்தனை மணி நேரம் தண்ணி நின்றது. மூன்றாவது: ஊர்த் தெருவில் எத்தனை மணி நேரம் நின்றது. நான்காவது: யார் வந்து பார்த்தார்கள், என்று வந்தார்கள். ஐந்தாவது: எத்தனை நாள் கூலி போயிற்று. ஒரே மழை, இரண்டு தெரு, இரண்டு கணக்கு. இந்த நோட்டு நிரம்பினால் அது கலைப்பொருள் இல்லை, சாட்சி. தாசில்தார் மேசையில் வைக்கலாம், நீதிமன்றத்தில் வைக்கலாம். 2004 சுனாமியின்போது நிவாரண முகாம்களில் தலித்துகளை ஒதுக்கினார்கள் என்று நாம் சொன்னபோது ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதிய அறிக்கைகளைத்தான் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த முறை நம் பெண்கள் எழுதிய நோட்டைக் காட்டுவோம்.

மைக்கு? உரிமம் கேட்கிற அமைப்பு பதிவாகி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. நாட்டில் இன்றைக்கு ஐந்நூறுக்கு மேல் சமூக வானொலிகள் இருக்கின்றன, பெரும்பகுதி கல்வி நிறுவனங்கள் கையிலும் தொண்டு நிறுவனங்கள் கையிலும். சேரிப் பெண்களின் சங்கம் ஒன்றின் பெயரில் தமிழ்நாட்டில் உரிமம் கேட்போம். மாணவத் தோழர்கள் சங்கத்தைப் பதிவு செய்கிற வேலையை இந்த வருடமே எடுங்கள். உரிமம் வரும் வரை மச்னூர்ப் பெண்கள் கேசட்டைச் சுமந்ததுபோல நாம் பதிவுகளைச் சுமப்போம். செல்போன் இல்லாத வீடு குறைவு. குரலைப் பதிவு செய்யப் பயிற்சி மட்டும் போதும்.

கண்காட்சிக் கூடத்துப் பையனுக்குக் கடைசியாக ஒன்று. தம்பி, உன் கருவி நல்லா இருக்கு. ஈரத்துணி சுத்தின வெப்பமானியை எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க நீ வரணும். ஐப்பசியில் வா. பெருமழையில் வா. முழங்கால் சேத்தில் இறங்கி சுடுகாட்டு மேட்டுக்கு வந்து 8.30-க்கு எங்களோடு நின்று பார். ஆனால் அந்த அட்டையைக் கொண்டுவராதே. அப்புறம், எண்களை வாசிக்கக் குரல் தேடாதே. எங்க ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தவரின் வீட்டில் பானை மிதந்ததைப் பார்த்த கண் அது. அந்த ராத்திரியைப் பற்றி அதனிடம் இதுவரைக்கும் யாரும் மைக்கு நீட்டினதில்லை.

முதல் ஒலிபரப்பு அங்கே இருந்துதான் தொடங்கும்.